தேய்ந்த நுனி

அல்சூர், பெங்களூரு
9 ஜூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் வராது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எழுதுகிறேன். வருகிறதா இல்லையா பார்த்துவிடலாம்.

அறை கிடைத்துவிட்டது. ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் மாடியறை. வீட்டுக்காரம்மா லட்சுமம்மா பூ மொத்த வியாபாரம். பெட்டியை இறக்கி வைப்பதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது.

"ஏம்மா, ஊட்டுக்காரரு தூத்துக்குடில ஒண்டியாவா கீறாரு? சாப்பாட்டுக்கு?"

"என்னைவிட அவர் நல்லா சமைப்பாரும்மா."

"அட, சும்மா இரும்மா! சரி, இங்க என்னா கெலசம்?"

"கடல் நத்தையோட ஓட்டப் பாத்து, இது என்ன ஜாதின்னு சொல்ற வேலை."

"பெங்களூர்ல ஏதும்மா கடலு?"

நியாயமான கேள்விதான். கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்து, ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்துச் சேற்றில் கிடந்த எள்ளளவு ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஸ்கேனர் இங்கேதானே இருக்கிறது. ஓட்டை உடைக்காமலே உள்ளே எத்தனை சுற்று என்று காட்டிவிடுகிறது. அதை இயக்குகிறவர் டென்சில், விவேக் நகர்க்காரர். நான் கையோடு கொண்டுவந்ததில் முதல் ஓட்டை உள்ளே வைத்ததும் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், இதுல நீங்க எதப் பாக்குறீங்க? சொன்னீங்கன்னா அந்த எடத்துக்கே கொண்டு போறேன்" என்றார். அரைமணி நேரம் சொன்னேன். கொட்டாவி விடாமல் கேட்டார்.

திட்டத் தலைவி அம்ருதா நேரடியாகப் பேசுகிற பெண். வேலை ஒரு வருடத்துக்குத்தான். அதற்குள் ஒரு கட்டுரை வந்துவிட்டால் இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பாராம்.

நீங்கள் அந்தமான் பக்கம் கப்பலில் போய் எடுத்து வந்த சேற்றிலிருந்து நான் பொறுக்கிய மற்ற ஓடுகள் உங்கள் ஆய்வு நிலையத்துச் சேகரிப்பு அலமாரியில், காப்ஸ்யூல் கூடுகளில் இருக்கின்றன. அனுப்பி வையுங்கள்.

செண்பகம்


தூத்துக்குடி
17 ஜூன் 2024

செண்பா,

ஓடுகளை அனுப்பிவிட்டேன். கூட்டுக்கு ஒன்றாகப் போட்டு, மேலே பஞ்சு, அதற்கு மேல் பிளாஸ்டிக் டப்பா. கூரியர்க்காரன் குலுக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லையே ஸார்" என்றான்.

அந்தச் சேறு வந்த கதையை உன் டென்சிலிடம் சொன்னாயா? கப்பலில் நின்ற ஒவ்வொரு நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே இரும்புக்கயிறு மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பொறுக்கியது நீ, மறுக்கவில்லை. ஈரத் தூரிகை நுனியால் ஒரு குழம்புச்சட்டி மண்ணில் நூற்றுப்பத்து ஓடு எடுக்க உன்னைத் தவிர வேறு யாருக்கும் பொறுமை கிடையாது.

உன் கடிதத்தில் வீட்டுக்காரம்மாவுக்கு அரைப்பக்கம். ஸ்கேனர்க்காரருக்கு ஒரு பத்தி. எனக்கு, அலமாரியைத் திறக்கச் சொல்லி இரண்டு வரி. குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டது, எழுதினேன்.

அரைமணி நேரம் கேட்டாராமே. பதினொரு வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கொட்டாவி விட்டிருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்குச் சொன்னால் யாருக்கும் வரும்.

படம் வழக்கம்போல நான்தான் வரைவேன். நல்ல கருப்பு மை வாங்கி வைத்துவிட்டேன். எந்தெந்த ஓடு என்று மட்டும் சொல்.

ஆறுமுகநயினார்


அல்சூர்
21 ஜூலை 2024

அன்புள்ள உங்களுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். இந்தத் தடவை வரைபடம் வேண்டாம். ஸ்கேனர் படங்களே போதும் என்று அம்ருதா சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மயிரிழை மாதிரியான கோடுகூடத் தெரிகிறது. உங்கள் கையைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

ஒரு நல்ல செய்தி. நாம் ஒரே கூட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்த ஓடுகளில் இரண்டு புது இனங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். டென்சிலுக்கு இப்படித்தான் விளக்கினேன்: நத்தை வளர வளர வாய்ப்பக்கம் ஓட்டை நீட்டிக்கொண்டே போகிறது. ஆனால் உச்சி நுனியில் இருக்கும் முதல் சுற்று அது குஞ்சாக இருந்தபோது போட்டது. கடைசிவரை அது அப்படியே நிற்கும். அந்த நுனியைப் பார்த்தால் எந்த வம்சம் என்று சொல்லிவிடலாம். "அப்ப அது பர்த் சர்ட்டிபிகேட் மேடம்" என்றார். சிரித்துவிட்டேன்.

முதல் இனத்தில் அந்த நுனியில் வலை மாதிரிக் குறுக்குக்கோடு ஓடுகிறது, வாயின் உதடு தடித்திருக்கிறது. இரண்டாவதில் நுனி வழவழப்பு, உதடு மெல்லியது. ஓடும் சின்னது.

டென்சில் மனைவி நேற்று வஞ்சிர மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். நம் ஊர்க் குழம்பு மாதிரி இல்லை, ஆனால் புளிப்பு சரியாக இருந்தது.

கட்டுரை எழுதத் தொடங்கவில்லை. இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன். நாளாகும்.

செண்பகம்


தூத்துக்குடி
15 செப்டம்பர் 2024

செண்பா,

எட்டு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறாயா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. சும்மாதான் கேட்கிறேன். நீ எதையாவது எழுதி எங்கேயாவது அனுப்பினால் முதலில் என்னிடம் சொல்வாய். இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்தது. நீ எழுதிய விவரிப்பை நான் படிப்பேன், நான் வரைந்த படத்தை நீ பார்ப்பாய், பிறகுதான் வெளியே போகும். ஆகவே நீ இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டென்சில் பெயர் எங்கே வரப்போகிறது? கட்டுரை ஆசிரியராகவா, நன்றி சொல்லும் வரியிலா? அல்லது வேறெங்காவதா?

எனக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தரச் சொல்லி அனுப்பியிருக்கிறது. முடியாது என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

மை பாட்டில் மேஜைமேல் அப்படியே இருக்கிறது.

ஆறுமுகநயினார்


அல்சூர்
27 அக்டோபர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

அளந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதினேனே, அது பொய். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு நான்கு நாள் முன்பே கட்டுரையை அனுப்பிவிட்டேன். உங்களிடம் காட்டியிருந்தால் திருத்தியிருப்பீர்கள். நன்றாகவே திருத்தியிருப்பீர்கள். அதனால்தான் காட்டவில்லை. ஒரே ஒரு தடவையாவது என்னுடைய வாக்கியம் என்னுடைய வாக்கியமாகவே அச்சில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆசைக்குப் பலன் கிடைத்துவிட்டது. நேற்று மறுத்துவிட்டார்கள்.

மதிப்பிட்டவர்கள் இரண்டு பேர். அவர்கள் யார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், நான் யார் என்று அவர்களுக்கும் சொல்ல மாட்டார்கள். ஒருவருக்குப் பிடித்திருந்தது. இன்னொருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். எதிரிக்குக்கூட நான் அப்படி எழுத மாட்டேன். 'ஆசிரியருக்கு ஓட்டின் மேல் இருப்பதைவிட இயந்திரத்தின் மேல் மயக்கம் அதிகம்' என்கிறார். இரண்டாவது இனம் ஓர் இனமே அல்லவாம், முதலாவதின் வளராத குஞ்சாம். நுனி தேய்ந்துபோனதைப் புதுமை என்று காட்டுகிறேனாம். கடைசி வரி: 'இதை எழுதியவர் இன்னும் சில வருடங்கள் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் பயில்வது நல்லது.'

எனக்கு நாற்பத்தொரு வயது. அந்த வரியைப் படித்துவிட்டு மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அம்ருதா திட்டவில்லை. "ஜனவரி வரைக்கும் பாக்கலாம், அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். டென்சில் காபி வாங்கிக் கொடுத்தார். லட்சுமம்மா என்ன ஏது என்று கேட்காமல் ராகிக் களி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

உங்களிடம் மறைத்ததற்குக் கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள். இந்த வாரம் மட்டும் வேண்டாம்.

செண்பகம்


தூத்துக்குடி
3 நவம்பர் 2024

என் செண்பாவுக்கு,

திட்ட மாட்டேன். எதற்குத் திட்ட வேண்டும்? யாருக்கும் நடப்பதுதான். என் முதல் கட்டுரை எத்தனை தடவை திரும்பி வந்தது என்று உனக்குத் தெரியாதா?

நீ வந்துவிடு. இத்தனை நாள் போதும். அந்த ஊர், அந்த வாடகை, அந்த மெட்ரோ நெரிசல், இதெல்லாம் எதற்கு? இங்கே உன் மேஜை அப்படியே இருக்கிறது. நிலையத்து வாட்ச்மேன் தினமும் கேட்கிறார், "மேடம் எப்ப வாராவ ஸார்?" என்று. பொங்கலுக்கு வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாம் இருவரும் உட்கார்ந்து அதே ஓடுகளை முதலிலிருந்து பார்ப்போம். நான் வரைகிறேன்.

அந்த மதிப்பீட்டாளர் கடுமையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சொன்ன விஷயத்தை மட்டும் தனியாக எடுத்து யோசித்துப் பார். ஐந்தாம் படத்தில், அந்த நுனிக்குக் கீழே, சுற்றும் சுற்றும் சேருகிற தையலோரத்தில் இரண்டு குறுக்குக்கோடு மிச்சம் இருக்கிறதே. வழவழப்பான நுனி என்றால் அது எப்படி அங்கே வரும்? இதை நீ கவனிக்காமல் விட்டது எனக்கே ஆச்சரியம்.

மனதைத் தளரவிடாதே. டிக்கெட் நான் போட்டுவிடட்டுமா?

உன் நயினார்


அல்சூர்
10 நவம்பர் 2024

நயினார்,

காலேஜில் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மா முகத்தைச் சுளித்தார்கள் என்று 'நீங்கள்' ஆனது. இந்தக் கடிதத்தில் நீதான்.

ஐந்தாம் படத்தை நான் உனக்கு அனுப்பவே இல்லை.

உனக்கு எந்தப் படத்தையும் அனுப்பவில்லை. கட்டுரையில் எத்தனை படம் என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்தாம் படத்தைப் பார்த்தவர்கள் நான், டென்சில், அம்ருதா, ஆசிரியர் குழு, அந்த இரண்டு மதிப்பீட்டாளர்கள். அவ்வளவுதான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது, இவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறானே என்று. இரண்டாம் தடவைதான் அந்த வரியில் நின்றேன். பிறகு உன் செப்டம்பர்க் கடிதத்தை எடுத்தேன். 'முடியாது என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.' ஏன் சொல்லவில்லை? சொந்த மனைவியின் கட்டுரை என்று தெரிந்த நிமிடமே திருப்பி அனுப்பியிருக்க வேண்டாமா? ஆசிரியர் பெயரை மறைத்திருந்தார்களே, எனக்கு எப்படித் தெரியும் என்று தயவுசெய்து எழுதாதே. அந்த ஓடுகளை நீ உன் கையால் கூட்டில் போட்டு அனுப்பினாய்.

நான் உன்னிடம் மறைத்தேன். அது தப்பு. ஆனால் நான் மறைத்ததற்கு நீ என் வேலையை வெட்டினாய். வெட்டிவிட்டு, 'வந்துவிடு, டிக்கெட் போடட்டுமா' என்கிறாய். ஊருக்கு இழுக்க வேண்டுமென்றால் 'வா' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நான் யோசித்திருப்பேன்.

'நல்ல ஆசிரியர் ஒருவரிடம் பயில்வது நல்லது.' யார் அந்த நல்ல ஆசிரியர், நயினார்? நீயா?

இதை டென்சிலிடமோ அம்ருதாவிடமோ நான் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. உனக்காக நான் வெட்கப்படுகிறேன்.

செண்பகம்


தூத்துக்குடி
20 நவம்பர் 2024

செண்பகம்,

ஆம். நான்தான்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. முதல் படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. உதட்டில் சின்ன உடைசல் உள்ள ஓடு. எத்தனையோ தடவை லென்ஸுக்கு அடியில் பார்த்த ஓடு. நீ 'இன்னும் அளக்கிறேன்' என்று எழுதிய கடிதம் மேஜைமேல் கிடக்கிறது, அளந்து முடித்த கட்டுரை திரையில் இருக்கிறது. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவும் செய்தேன், சுற்றி வளைத்து. நீ பதில் போடவில்லை.

படங்கள் நன்றாக இருந்தன. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நான் ஒரு வாரம் வரைவதை அந்த மனிதர் ஒரு மதியத்தில் எடுத்துவிட்டார், என்னைவிடத் தெளிவாக. பெயர்களை அச்சுக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்று 'முதல் இனம்', 'இரண்டாம் இனம்' என்று மட்டும் போட்டு, பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். அந்தக் காலி இடத்தில் இரண்டு தடவையும் நான் டென்சில் பெயரைத்தான் படித்தேன். அதற்குப் பிறகு என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும்.

முந்தாநாள் ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். நான் இந்தக் கட்டுரை ஆசிரியையின் கணவன், அதைத் தெரிந்துகொண்டே மதிப்பிட்டேன், என் மதிப்பீட்டைத் தள்ளிவிட்டு வேறொருவருக்கு அனுப்புங்கள் என்று. இனி எனக்கு யாரும் கட்டுரை அனுப்ப மாட்டார்கள். இங்கே இயக்குநரிடமும் சொன்னேன். புதுக் கப்பல் பயணப் பட்டியலில் என் பெயர் இல்லை.

இதையெல்லாம் உன்னிடம் மன்னிப்பு வாங்க எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. கெட்ட எண்ணத்தில்தான் எழுதினேன், ஆனால் இரண்டாம் இனத்தைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை. வேறொரு ஓட்டை எடுத்து, இன்னும் பெரிதாக்கிப் பார். நானே தப்பு என்று வந்தால் சந்தோஷப்படுவேன். அதுகூட உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

நயினார்


அல்சூர்
2 பிப்ரவரி 2025

நயினார்,

பொங்கலுக்கு வரவில்லை. வர மனமில்லை. 'நீ' என்றே எழுதுகிறேன், பழகிவிட்டது.

நீ சொன்ன மாதிரி வேறொரு ஓட்டை எடுத்துப் பார்த்தோம். டென்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்தார். ஏன் அவசரம் என்று கேட்டார். நான் ஒரு தப்பு செய்திருக்கலாம், பார்க்க வேண்டும் என்றேன். திரையில் நுனி பெரிதாக வந்தது. தையலோரத்தில் வலைக்கோடு இருந்தது. சேற்றில் உருண்டு தேய்ந்தது போக மிச்சம். டென்சிலே சொல்லிவிட்டார்: "மேடம், ரெண்டும் ஒண்ணுதான் இல்ல?"

ஒன்றுதான். குஞ்சும் தாயும். நீ சொன்னது சரி.

நீ கெட்டவனாக இருந்து தப்பாகவும் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாம் இனத்தை எடுத்துவிட்டு, ஒரே இனமாகத் திருத்தி அனுப்பினேன். உன் கடிதம் போன பிறகு ஆய்விதழ் ஆசிரியர் வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார். போன வாரம் ஏற்றுக்கொண்டார்கள். அம்ருதா இரண்டு வருடம் நீட்டித்துவிட்டார். நான் இங்கேதான் இருக்கப் போகிறேன். லட்சுமம்மா கீழ்வீட்டைத் தருகிறேன் என்கிறார், சமையலறை உள்ளது.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ வெட்டிய அந்த இரண்டாம் இனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் நயினாரி. கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே சேற்றைக் காத்தவனுக்கு ஒரு ஓடாவது இருக்கட்டும் என்று. அச்சில் பார்த்து நீ அசந்துபோக வேண்டும் என்று மறைத்து வைத்திருந்தேன். இல்லாத நத்தைக்குப் பெயர் வைக்க முடியாது. அதனால் அது போய்விட்டது.

இருக்கிற நத்தைக்கு டென்சிலி என்று வைத்திருக்கிறேன். உன்னைக் குத்துவதற்காக இல்லை. ஜூன் மாதமே முடிவு செய்தது. அந்த ஓட்டுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். சொன்னபோது நம்பவில்லை. "கடலுக்கு அடியில நம்ம பேரா? எங்க வீட்டுக்காரி இனிமே என்னை நத்தைன்னுதான் கூப்பிடுவா" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொறாமை உனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதே. எந்தக் கருத்தரங்கிலும் நம் கட்டுரையைப் பற்றிப் பேசினால் 'நயினார் சாரின் படங்கள்' என்பார்கள். விவரிப்பு எழுதியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ வரைந்ததைப் பார்த்து முதலில் பிரமித்தவள் நான். பிறகு எத்தனையோ தடவை, உன் மை கொட்டிப்போகக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நினைத்திருக்கிறேன்.

பெயர் வைத்த ஓடுகளை உங்கள் சேகரிப்பில்தான் வைக்க வேண்டும், சேறு அங்கே பதிவானது. அடுத்த வாரம் கூரியரில் வரும். பெயர்ச்சீட்டு எழுதி உள்ளே வைப்பது சேகரிப்பைக் கவனிக்கிறவர் வேலை. அது நீதான். வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

செண்பகம்


தூத்துக்குடி
2 மார்ச் 2025

செண்பா,

ஓடுகள் பத்திரமாக வந்துசேர்ந்தன. வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

உன் கட்டுரையை அச்சில் படித்தேன். விவரிப்பில் திருத்த ஒரு சொல்கூட இல்லை. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆனது. என் படத்தைப் பார்த்து நீ நினைத்ததை எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அந்த டீயை நான்தான் போட்டுக் கொடுத்திருப்பேன் என்று மட்டும் தோன்றியது.

பொறாமை போய்விட்டது என்று எழுத உட்கார்ந்தேன். போகவில்லை. நயினாரி என்ற பெயரைத் தாளில் எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். நான் செய்த மதிப்பீட்டிலேயே சரியான மதிப்பீடு அந்த நத்தையை இல்லாமலாக்கியதுதான். அதனால் யாரைக் கோபிப்பது என்று புரியவில்லை. கீழ்வீட்டுச் சமையலறையில் நீ யாருக்கு டீ போடுவாய் என்று இதை எழுதும்போதும் ஒரு மூலையில் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். டென்சில் மனைவியும் வருவாள், லட்சுமம்மாவும் இருப்பார் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று மதியம் சேகரிப்பு அறையில் உட்கார்ந்து பெயர்ச்சீட்டு எழுதினேன். முதல் சீட்டில் மை பரவிவிட்டது. இரண்டாவதில் எழுத்து விட்டுப்போயிற்று. வாட்ச்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன ஸார், பேரு ரொம்பப் பெருசோ?" என்றார். "இல்ல, சின்னப் பேருதான்" என்றேன். மூன்றாவது சீட்டில் வந்தது. டென்சிலி. கீழே கண்டெடுத்த ஆழம். அதற்குக் கீழே, பெயர் வைத்தவர்: செண்பகவல்லி. அங்கே வேறு பெயர் எதுவும் இல்லை. காய்ந்ததும் ஓட்டோடு உள்ளே வைத்து மூடிவிட்டேன்.

நயினார்